பொத்தானை வீட்டுக்கு விடாத பெரியம்மா

விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளை முதலில் அங்கேதான் கொண்டுபோவார்கள். காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். வெறிநோய்த் தடுப்பூசியில் ஏதாவது கோளாறு என்றால் உள்ளே கூண்டுவாசம்தான். அந்தக் கூண்டுகளைக் கழுவி, தீனி வைத்து, பூட்டித் திறக்கிற வேலையைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவளை அங்கே எல்லோரும் பூட்டக்கா என்று கூப்பிட்டார்கள். பூட்டைப் போட்டதும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆள் குள்ளம், பேச்சும் குறைச்சல். அவளுக்கும் சேர்த்து அவளுடைய வீட்டுக்காரர் பேசுவார். அவர் எலக்ட்ரீஷியன். வேலையை முன்னிட்டு அவள் அடிக்கடி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம், "இவ உடம்புல ரத்தத்தைவிட மருந்துதான் ஜாஸ்தி. இவளைக் கடிச்சா அந்த நாய்க்கு ஆயுசு கூடும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தங்கை பிரசவம் முடிந்த கையோடு துணிக் கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது; அதனால் தங்கை மகள் பள்ளிக்கூடம் சேரும்வரை வளர்ந்ததெல்லாம் பெரியம்மா வீட்டில்தான். பெரியம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். அவள் படித்து, கல்யாணம் ஆகி, வெளிநாடு போன பிறகும் ஏதாவது மனக்கஷ்டம் என்றால் முதல் போன் பெரியம்மாவுக்குத்தான் வரும்.

அப்படி ஒரு நாள் வந்தது. மாப்பிள்ளையோடு ஒத்துவரவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது, ஊருக்கே திரும்பி வருகிறேன் என்றாள்.

"தனியா வரல பெரியம்மா. கூட ஒருத்தன் வரான்."

"யாருடி?" பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொத்தான்."

பொத்தான் என்பது நாய்க்குட்டி. மாப்பிள்ளை வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் வாங்கியது. பழுப்பு நிறம், முகத்தில் மூக்கு மட்டும் கறுப்பாக, சட்டையில் தைத்த பொத்தான் மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து அவள் சிரிப்பதைப் பெரியம்மா கேட்டாள்.

ஆனாலும் வேலைப் புத்தி போகுமா? உடனே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைத்தாயிற்றா? அதற்கப்புறம்தானே ஊசி? மூணு மாசம் முடிந்த பிறகுதானே போட்டார்கள்? போட்டு ஒரு மாசம் கழித்துத்தானே ஏற்றுகிறாய்?

"எல்லாம் ஆச்சு பெரியம்மா. வித்தவங்களே ஊசி போட்டு, பேப்பரோட கொடுத்தாங்க. அஞ்சு மாசக் குட்டி. நீங்க கவலைப்படாதீங்க."

பெரியம்மாவுக்கு மூச்சு வந்தது.

குட்டி வந்து இறங்கிய அன்று அவளுக்குத்தான் டியூட்டி. கூடையின் கதவைத் திறந்ததும் பொத்தான் தடுமாறி வெளியே வந்தது. ஒரு கொட்டாவி விட்டது. அவள் செருப்பின் வாரைக் கடித்து இழுத்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமான மனுஷர். குட்டியை மேஜைமேல் நிறுத்தி வாயைத் திறந்து பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். திரும்பவும் வாயைப் பார்த்தார்.

"அக்கா, இது அஞ்சு மாசம் இல்ல. முன்பல் ஒண்ணுகூட விழல, எல்லாம் பால்பல்லு. எடையும் இல்ல. மூணு மாசமே முழுசா ஆகல."

அதன் அர்த்தம் பெரியம்மாவுக்குத் தெரியும். விற்றவன் வயசைக் கூட்டிப் போட்டிருக்கிறான். அப்படியானால் ஊசி போட்டபோது அது கண் திறந்து கொஞ்ச நாளே ஆன குட்டி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு உடம்பில் இருக்கும்போது போட்ட ஊசி பிடிக்காது. ஊசி உண்மையிலேயே போட்டார்களா என்பதும் சந்தேகம். தாய் எங்கே கிடந்தது, அதை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. அது வந்த தேசத்தில் வெறிநோய் தெருவில் திரிகிற சமாசாரம்.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை மகள் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் தங்கை. டாக்டர் போய் விஷயத்தைச் சொன்னார். ஒன்று, குட்டியை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். இல்லையென்றால் இங்கே தனியாக வைத்து, மூணு மாச வயசு முடிந்ததும் புதிதாக ஊசி போட்டு, அது பிடித்ததா என்று ரத்தம் பார்த்து, காத்திருந்து, பிறகு வெளியே விடலாம்.

"திருப்பி அனுப்புறீங்களா? யார்கிட்ட அனுப்புவீங்க? அங்க யாரு இருக்கா?" என்றாள் மகள். அவள் குட்டியைக் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா என்று பெரியம்மாவுக்குப் புரியவில்லை.

தனிமையில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் பெரியம்மாவைத் தீவன அறைக்குள் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க தங்கச்சி பொண்ணுன்னு சொன்னாங்க. சில சமயம் வீட்டுலயே தனியா அடைச்சு வெச்சுக்க அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஊழியர் வீட்ல வைக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். ஆனா தங்கச்சி வீடு பரவாயில்ல. வீடு எப்படி? ஒரு ரூம்ல அடைச்சு, ஒருத்தர் மட்டும் போய் வந்து பாத்துக்க முடியுமா? நீங்க முடியும்னு சொன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பெரியம்மா தங்கை வீட்டை நினைத்துப் பார்த்தாள். தங்கை, அவள் மகன், மருமகள், இரண்டு வாண்டுகள். அந்த வீட்டில் எந்தக் கதவும் சாத்தி அவள் பார்த்ததில்லை. குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழாது. சின்ன வாண்டு மின்விசிறிக்குள் விரலை விடப் போய்த் தப்பித்தவன். நாய்க்குட்டி இருக்கிற அறைக்குள் அவனைப் போகாதே என்று சொன்னால் முதல் வேலையாக அங்கேதான் போவான். அவனுக்கு அது விளையாட்டு. குட்டிக்கும் விளையாட்டுத்தான். பால்பல் ஊசி மாதிரி இருக்கும்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

அவளுக்கும் தங்கைக்கும் மூத்தவனாக ஓர் அண்ணன் இருந்தான். நன்றாகச் சீட்டியடிப்பான், சைக்கிளில் கையை விட்டு ஓட்டுவான். எதிர் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் அதோடு விளையாடினான். அது அவன் கட்டைவிரலைச் செல்லமாகக் கடித்தது. ஒரு சொட்டு ரத்தம். அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறந்துவிட்டான். அந்தக் குட்டி சீக்கிரமே செத்துப்போனது, குப்பையோடு போட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு விரல் குடைந்தது, காய்ச்சல் வந்தது. பிறகு ஒரு நாள் அவள் கொண்டுபோன தண்ணீர் டம்ளரைப் பார்த்து அவன் சுவரோடு ஒண்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. தங்கை அப்போது நடை பழகி ஓடித் திரிகிற குழந்தை. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். பின்னால் அவளிடம் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னார்கள். அதையே சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் ஒருத்திக்குத்தான் அந்த டம்ளர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"வேணாம் டாக்டர். அந்த வீட்ல முடியாது. இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

டாக்டர் கேட்டதையும் தான் மறுத்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்கே வந்து கெஞ்சினாள். "அக்கா, நீ எத்தன வருஷமா அங்க வேலை பாக்கற? ஒரு வார்த்தை சொன்னா விட மாட்டாங்களா? பொண்ணு சோத்தைக் கையால தொட மாட்டேங்குது. அது வந்தாலாவது நாலு வாய் சாப்பிடும்."

"விதி அப்படி. நான் என்ன பண்ண முடியும்?" என்றாள் அக்கா. வீட்டுக்காரர் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். தங்கை போன பிறகு, "விதி மேல பாரத்தைப் போட்டுட்டே" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அவள் முகத்தைப் படிக்கத் தெரியும்.

மகள் தினமும் வந்தாள். பார்வையாளர்கள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கலாம், தொடக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குட்டியோடு பேசிக்கொண்டே இருப்பாள். மாப்பிள்ளையைப் பற்றி அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னாள். கூண்டு கழுவும் சாக்கில் பெரியம்மா பக்கத்திலேயே நின்று காதில் வாங்கிக்கொண்டாள். மகளுக்கும் பெரியம்மா கேட்பது தெரியும். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

பொத்தான் வளர்ந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் காலை விட்டுக் கவிழ்ப்பதே அதற்குப் பிழைப்பு. பெரியம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் பின்பாதி முழுவதையும் ஆட்டும். உறை போட்ட கையால் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும்முற்றும் பார்ப்பாள். வயசு முடிந்ததும் டாக்டர் ஊசி போட்டார். அது கத்தக்கூட இல்லை. மகள் அன்றைக்குப் பெரியம்மா கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முழுவதும் சாப்பிட்டாள். பெரியம்மா மனசுக்குள், எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சரக்கு வந்தது. எவனோ வியாபாரி விற்பனைக்காக ஒரு கூட்டம் குட்டிகளை அடைத்து அனுப்பியிருந்தான். பாதிக்கு மேல் சோர்ந்துபோய்க் கிடந்தன. அடுத்த வரிசையில் வைத்தார்கள். தனி வாளி, தனித் துடைப்பம், தனிச் செருப்பு என்று பெரியம்மா பிரித்துத்தான் வைத்தாள். ஆனாலும் ஒரே கூரை, ஒரே சாக்கடை. குட்டிகளைக் கொல்கிற வயிற்றுப்போக்கு நோய் ஒன்று உண்டு, பார்வோ என்பார்கள். அது தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஈ காலில் போகும். பொத்தானுக்கு அதற்கான ஊசியும் போட்டதாகத்தான் விற்றவன் காகிதம் சொன்னது.

ஒரு நாள் காலையில் அது பெரியம்மாவின் காலடிச் சத்தத்துக்கு எழுந்திருக்கவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. தரையில் ரத்தக் கழிச்சல். அந்த நாற்றம் மூக்கில் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். காலில் குழாய் சொருகி மருந்து ஏற்றினார்கள். அவள் வீட்டுக்கே போகவில்லை. வீட்டுக்காரர் மாற்றுப் புடவையை வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் எந்த ஜோக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மகள் வலைக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஒரு தடவை தூக்கிக்கறேன். ஒரே ஒரு தடவை. கையுறை போட்டுக்கறேன், நீங்க சொல்றதெல்லாம் போட்டுக்கறேன்."

பெரியம்மா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை ஆட்டினார், முடியாது என்று. ஊசி பிடித்ததா இல்லையா என்பது இன்னும் தெரியாத மிருகம். சாகிற நேரத்தில் எது எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. பெரியம்மாவே கூண்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மகள் முகம் தெரிகிற மாதிரி அதன் தலையைத் திருப்பி வைத்தாள். மகள் வெளியே தரையில் உட்கார்ந்து, "பொத்தான், இங்க பாரு, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் மகள் பேசி ஓய்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் டாக்டர் வாயிலிருந்துதான் வெளியே வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனசு கேட்காமல், மகளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இங்க வெச்சதே தப்பாப் போச்சும்மா. அன்னிக்கே அக்காகிட்ட கேட்டேன், வீட்டுக்கு அனுப்பலாமான்னு. அனுப்பியிருந்தா இது ஒட்டியிருக்காது" என்றார். சொன்ன பிறகுதான் மகள் முகத்தைப் பார்த்தார்.

தங்கை அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீதான் வேணாம்னு சொன்னியா?"

"ஆமா."

"விதி விதின்னு எங்கிட்டயே நடிச்சியே அக்கா! உன் மடில வளந்த பொண்ணு அது. அதுக்குப் போய்க் குழி தோண்ட எப்படி மனசு வந்தது?"

அக்கா எத்தனையோ பேசாமல் விழுங்கியவள். அன்றைக்கு விழுங்க முடியவில்லை. "உன் பேரனை அது விளையாட்டுக்குக் கடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே? அண்ணன் காய்ச்சல்ல சாகலடி. நாய்க்குட்டி கடிச்சு செத்தான். தண்ணியப் பாத்து அலறி அலறி செத்தான். நான் பாத்தேன்."

தங்கையின் குரல் தணிந்துதான் வந்தது, ஆனால் கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. "இத்தன வருஷம் மூடி வெச்சிட்டு, இன்னிக்கு உனக்கு மாட்டிக்கிச்சுன்னதும் செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடறியா? நீ சொல்றதுல எது நிஜம்னு நான் இனிமே எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

தங்கை போய்விட்டாள்.

தனிமையில் இருக்கும்போது எந்த மிருகம் செத்தாலும் வெறிநோய் இருந்ததா என்று மூளையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுவும் விதிதான். டாக்டர் அறுத்துக் கொடுத்ததைப் பெரியம்மா பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மூடி, ஒட்டுநாடா சுற்றி, ஆய்வுக்கூட வண்டியில் ஏற்றினாள். எத்தனையோ முறை செய்த வேலை. அன்றைக்கு ஒட்டுநாடாவின் நுனி கைக்கு அகப்படவே இல்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். வண்டிக்காரர் காத்திருந்தார்.

முடிவு வந்தது. வெறிநோய் இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

டாக்டர் அதை மெதுவாகச் சொன்னார். "நீங்க செஞ்சதுல தப்பு இல்லக்கா. இல்லன்னு இப்பதான் தெரியும். அன்னிக்குத் தெரியாது." பெரியம்மா தலையை ஆட்டினாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், குட்டிக்கு அந்த நோய் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவள் ஆசைப்பட்டிருந்தாள். அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்காரரிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

அதன்பின் தங்கை வீட்டிலிருந்து போன் இல்லை. அவள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மருமகள் ஒரு முறை எடுத்து, "அத்தை குளிச்சிட்டிருக்காங்க பெரியம்மா" என்றாள். பின்னாலேயே தங்கையின் குரல் கேட்டது. பெரியம்மா வேலைக்குப் போய்வந்தாள், கூண்டு கழுவினாள். வரிசைக்கு வரிசை சாக்கடையைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கச் சொல்லி டாக்டரை நச்சரித்தாள். அவரும் கேட்டார். ஒரு வரிசைக்கு மட்டும் செய்தார்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று, எதிர்பாராமல், கட்டடத்து வாசலில் வந்து நின்றாள். பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"அம்மா பழைய பக்கத்து வீட்டு ஆன்ட்டியத் தேடிப் போய்க் கேட்டாங்க. மாமா விஷயம் நிஜம்னு தெரிஞ்சு போச்சு. வந்து ஒரு நாள் பூரா அழுதாங்க."

"என்கிட்ட வரலையே."

"வர மாட்டாங்க. இப்ப உங்க மேல இன்னும் கோபம். ஏன் அப்பவே சொல்லலன்னு."

பெரியம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "நானும் மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல பெரியம்மா. இன்னும் அப்படித் தோணல. நீங்க வேணாம்னு சொன்னது கூடப் பரவாயில்ல. நான் தினமும் வந்து அங்க உக்காந்திருந்தேனே, அப்ப ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல? நான் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். ஆனா உங்களோட சேந்துதானே காத்திருந்திருப்பேன்."

"சொன்னா நீ வராம போயிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றாள் பெரியம்மா. அவளுக்குக் கிடைத்த உண்மை அவ்வளவுதான்.

பஸ் வந்தது. மகள் பெட்டியைத் தூக்கினாள். பெரியம்மா மறுபக்கப் பிடியைப் பிடித்துக்கொடுத்தாள். "சாப்பிடு ஒழுங்கா" என்றாள். மகள் "ம்" என்றாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பினாள். வீடு பார்த்தாயிற்று, மேல் மாடி, வெயில் நன்றாக வருகிறது என்று.

தங்கை ரொம்ப நாள் கழித்துத்தான் பேசினாள். கண்ணில் புரை, அறுவை சிகிச்சைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று போன் வந்தது. அக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள். கட்டுப் போட்ட கண்ணோடு இருந்த தங்கைக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். தங்கை உப்பு குறைச்சல் என்றாள். வாண்டுகள் பெரியபாட்டி மேல் ஏறி விழுந்து விளையாடினார்கள். சின்னவனைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டபோது அவன் உடம்பு கதகதவென்று இருந்தது. தங்கை கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை, "மருந்து விடற நேரமாச்சுக்கா" என்றாள். அக்கா கை கழுவ எழுந்து போனாள்.